நேபாளம் வழியாக வரும் பிளோறன்ஸ்

மடு மாதா துணை

டுசல்டோர்ஃப்
2003 ஆனி, கடைசி ஞாயிறு

என் கூடப் பிறந்த தம்பி சூசைதாசனுக்கு,

அண்ணன் மரியரட்ணம் மன்னார்ப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சொல்வது. வலது முழங்கால் ஒன்றைத் தவிர உடம்பின் மற்ற எல்லாப் பாகமும் சுகம். உன்னையும் உன் வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் ஆடுகளையும் மாதா குறையில்லாமல் வைத்திருப்பாள் என்று நம்புகிறேன். வழக்கம்போல் நான் சொல்லச் சொல்ல என் மகள் வெரோனிக்கா எழுதுகிறாள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதென்பது உனக்குப் புதினமில்லை. கடைசியில் கையெழுத்து என்று கிடக்கும் மீன் மட்டும்தான் என்னுடைய வேலை. ஆடு என்றதும் ஞாபகம் வந்தது. சேமக்காலையில் உன் அண்ணியின் கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கென்று விட்டிருக்கும் இடத்தில் உன் ஆடுகள் மேய்வதாகக் கேள்விப்பட்டேன். அது சரியில்லை. வேலி போடு. எனக்கு எழுபத்துநாலு நடக்கிறது. செத்தபின் பெட்டியில் ஊர் வந்து சேர்வதற்கென்று இங்கே வங்கியில் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறேன், அதை நான் எந்த ஆபத்துக்கும் தொட்டதில்லை. வருகிற நேரம் இடத்தில் ஆட்டுப் புழுக்கை கிடக்கக்கூடாது.

இனி விசயத்துக்கு வருகிறேன். விசயம் உன் பேத்தி பிளோறன்ஸைப் பற்றியது. போன மாதம் அவள் வெரோனிக்காவின் புருசன் ஸ்ரனிஸ்லாசுக்கு ஒரு ஈமெயில் போட்டிருந்தாள். ஸ்ரனிஸ்லாசை உனக்குத் தெரியும், பாண் சுடுகிற பக்டரியில் வேலை, தனக்கு ஒன்று தெரியாது என்று இந்தப் பதினாலு வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. (இந்த இடத்தில் வெரோனிக்கா பேனையை மேசையில் வைத்துவிட்டாள். எடு பிள்ளை. சொன்னதை எழுது.) அந்த ஈமெயிலை அவன் கடதாசியில் எடுத்துவந்து குசினி மேசையில் வைத்து எங்களுக்கு வாசித்தான். ஊர்க் கம்பஸுக்குப் புள்ளி போதாமல் போய்விட்டதாம். நேபாளத்தில் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் பக்கத்து நாட்டுப் பிள்ளைகளுக்கென்று சில இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அதில் ஒன்று இவளுக்குக் கிடைத்திருக்கிறதாம். நாலு வருடப் படிப்பு, பாலம் கட்டுகிற படிப்பு. அரசாங்கத்தினுடையது என்பதால் கட்டணம் குறைவு, ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் முதல் வருடத்துக் காசை முன்னுக்கே கட்டவேண்டும், மிச்சத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் தான் பொறுப்பு என்று கடிதமும் வங்கிக் கடதாசியும் ஆனி முடிவதற்குள் அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அப்புவால், அதாவது என்னால், ஏலுமோ என்று கேட்டு, அப்புவின் பெயரையும் இந்த வீட்டு போன் நம்பரையும் தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள்.

வாசித்து முடித்துவிட்டு ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றினான்.

"விளங்கிச்சுதோ மாமா?"

"படிக்கப் போறாளாம்" என்றேன்.

"நீங்களும்தானே எண்பத்தைஞ்சிலை படிக்க வந்தனீங்கள்" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி, உனக்கு ஞாபகம் இருக்கும். ஏஜென்ட் கனகலிங்கம் கொழும்பில் வைத்து என் தலைக்கு இரண்டு தரம் கறுப்புச் சாயம் பூசி, ஐம்பத்தாறு வயதில் என்னை மாணவன் ஆக்கினான். தலைமன்னார்த் துறையில் மூட்டை தூக்கிய தோளில் புத்தகப் பை. விமானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பேராசிரியர் என்று நினைத்து எழும்பி வழி விட்டார்கள். அதிகாரி கேட்டால் சொல்வதற்கு ஒரு இங்கிலீசு வசனம் தந்து ஒன்பது நாள் பாடமாக்க வைத்தான். "ஐ ஆம் எ ஸ்ரூடன்ற் ஒவ் மெக்கானிக்கல் ரெக்னோலொஜி, செக்கண்ட் இயர்." நித்திரையில் எழுப்பினாலும் இன்றைக்கும் பிசகாமல் சொல்வேன். முதலாம் வருடம் எங்கே படித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மொஸ்கோ வந்து, கிழக்கு பேர்ளின் வந்து, ரயிலேறி மேற்கே இறங்கினேன், படிப்பு அத்தோடு முடிந்தது. அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்றால் அது களவாக எல்லை தாண்டப் போகிறது என்று நாய்க்கும் தெரியும். போனில் ஒருவரும் நேரே பேசமாட்டார்கள். ஆளைச் சாமான் என்பார்கள், சாமான் வெளிக்கிட்டுது, சாமான் மழையிலை நனைஞ்சுபோச்சுது, இப்படித்தான் பேச்சு. ஆகையால் அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கதவைச் சாத்திவிட்டு, அவள் எழுதியதை மறுபடி முதலில் இருந்து வாசித்தோம்.

"அரசாங்கக் கல்லூரி எண்டால்," என்றான் ஸ்ரனிஸ்லாஸ், "உள்ளுக்கை ஆள் இருக்கு எண்டு அர்த்தம். அதுதான் செலவு குறைவு."

"நுழைவுப் பரீட்சை எழுதிச் சித்தியாம்" என்றாள் வெரோனிக்கா.

"எம்பசியிலை கேள்வி கேட்டு முடிஞ்சுது எண்டு அர்த்தம்."

"விடுதியிலை ஆறு பேருக்கு ஒரு அறையாம்."

இதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மொஸ்கோவில் நாங்கள் பதினொரு பேர்.

"நாலு வருசம்?" என்றேன்.

"நாலு கிழமை. ஆராவது இடையிலை வாசிச்சால் குழம்ப வேணும் எல்லோ. பாலம் எண்டால் ஆறு. ஆறு எண்டால் போலந்து எல்லை. நான் அந்த ஆத்தாலைதான் வந்தனான், எனக்குப் பாலம் ஒண்டும் ஒருத்தரும் கட்டேல்லை, கழுத்தளவு தண்ணி. இவள் கெட்டிக்காரி, முதலே கேட்டு வைச்சிட்டாள்."

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். ரீவியில் பார்த்தேன், நேபாளத்திலும் சண்டையாம், ராசாவுக்கும் இயக்கத்துக்கும். மன்னாரில் இப்போதுதான் வெடிச் சத்தம் நின்று றோட்டும் திறந்திருக்கிறது, இந்த நேரம் பார்த்துப் பிள்ளை வெடிச் சத்தத்தைத் தேடிப் போகுமோ. அதற்கு ஸ்ரனிஸ்லாஸ் என்னைப் பாவமாகப் பார்த்தான். "அதுதானே மாமா வசதி. எங்கடை சண்டையைச் சொன்னால் இனி ஒருத்தனும் அகதி எண்டு எடுக்கமாட்டான். சமாதானம் வந்து எங்களைக் கெடுத்துப்போட்டுது. இப்ப புதுச் சண்டை ஒண்டுக்குள்ளாலை வரவேணும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தம்பி, அன்றிலிருந்து எனக்கு ஒரு குழப்பம். கடைசியில் அவள், கணக்குப் போடும் கல்குலேட்டர் ஒன்று, சைன் கொஸ் எல்லாம் உள்ளது, வாங்கி அனுப்புங்கோ என்று எழுதியிருந்தாள். அதற்கு மட்டும் ஸ்ரனிஸ்லாசால் பொருள் சொல்ல முடியவில்லை. இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்து யோசித்தான். பிறகு, அது உண்மையாகவே கல்குலேட்டராக இருக்கலாம், வழியில் காசு மாற்றும்போது ஏமாறாமல் இருக்க, என்றான். சைனும் கொஸும் எந்த நாட்டுக் காசு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பான்.

உன்னைத்தான் நான் மெச்சவேண்டும். நாற்பத்தொன்றாம் ஆண்டு நட்ட நடு மத்தியானத்தில் கோயில் மணியை அடித்துவிட்டு, சுவாமியார் ஆர் அடித்தது என்று கேட்குமுன்பே "நான் அடிக்கேல்லை சுவாமி" என்று ஓடிப்போய்ச் சொன்னவன் நீ. அப்படிப்பட்டவன் போன மாதம் போனில், "இல்லை அண்ணை, பிள்ளை மெய்யாப் படிக்கத்தான் போறாள்" என்று ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னாய். ஸ்ரனிஸ்லாஸ் பக்கத்து அறைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தவன், "சின்ன மாமா பொய் சொல்லிப் பழகிட்டார்" என்றான்.

ஆகவே அந்தப் பொறுப்புக் கடிதம் சும்மா ஒரு சாட்டு, காசு போகவேண்டியது கனகலிங்கத்திடம் என்று முடிவாயிற்று. என் பெட்டிக் காசைத் தருகிறேன் என்று நான் சொன்னேன். வந்து உழைத்து அவள் திருப்பி வைப்பாள்தானே, அவசரப்பட்டு நான் செத்தால்தான் கரைச்சல். கனகலிங்கம் இப்போது ஸ்ரேஷனுக்குப் பின்னால் தமிழ்க் கடை வைத்திருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது, தனக்குச் சாயம் பூசத் தெரியவில்லை. நாங்கள் போய், நேபாளத்தில் இருந்து ஒரு சாமான் எடுக்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னோம்.

"அண்ணை, அந்த வேலையெல்லாம் விட்டுப் பத்து வருசம். இப்ப மரவள்ளிக்கிழங்கு மட்டும்தான் இறக்குறன்" என்றான்.

ஸ்ரனிஸ்லாஸ் என் காலை மிதித்தான். "மரவள்ளிக்கிழங்கு எண்டாலும் பரவாயில்லை. எப்ப இறங்கும்?"

"செவ்வாய்க்கிழமை பிராங்பேர்ட்டிலை இறங்கும். பெட்டியோடை வேணுமெண்டால் நேரை அங்கை வந்து எடுங்கோ."

ஸ்ரனிஸ்லாஸ் பக்டரியில் லீவு போட்டான். வெரோனிக்கா ஒரு குளிர் ஜாக்கெட் வாங்கினாள், நீலம், உள்ளே பஞ்சு வைத்தது, ஆனி மாதம் என்பதால் பாதி விலை. இத்தனை கெதியில் எப்படி வந்தாள் என்று எனக்குத் தலை சுற்றியது, ஆனாலும் கேள்வி கேட்கிற காலமா அது. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் சாமான் இறக்கும் வாசலில் ஜாக்கெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நாங்கள் நின்றோம். கனகலிங்கம் வந்தான். பத்துக் கிலோப் பெட்டி ஒன்றைத் தூக்கி என் கையில் தந்தான். திறந்து பார்த்தால் மரவள்ளிக்கிழங்கு. ஸ்ரனிஸ்லாஸ் அதையும் விடவில்லை. "பாத்தியளோ மாமா, ஆக்கள் பாக்கினம் எண்டு முதல் தரம் வெள்ளோட்டம் விட்டிருக்கிறான்" என்றான். ஐந்து நாளாக இந்த வீட்டில் காலையும் மாலையும் வெள்ளோட்டத்தைத்தான் அவித்துத் தின்கிறோம்.

இப்போது நான் செய்த கெட்டித்தனத்தைக் கேள். புதன்கிழமை வீட்டில் நான் தனியே இருக்கிறேன், போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல், இங்கிலீசு. தலைமன்னார்த் துறையில் கப்பலால் இறங்கியவர்களிடம் பிடித்த இங்கிலீசு என்னிடம் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. என் பெயர், நேபாளம், கொலிஜ், பிளோறன்ஸ், இந்த நாலும் விளங்கியது. கனகலிங்கம் எண்பத்தைந்தில் சொல்லித்தந்த முதல் சட்டம் என்ன? அதிகாரி ஆராவது கேட்டால் கூட வாறவனைத் தெரியாது எண்டு சொல்லு, ஒருத்தன் பிடிபட்டாலும் மற்றவன் தப்புவான். மொஸ்கோவில் என்னோடு ஒரே பாயில் படுத்தவனை அப்படித்தான் தெரியாது என்றேன், அவனும் என்னை அப்படியே சொன்னான், இரண்டு பேரும் வந்து சேர்ந்தோம். நான் சொன்னேன், "நோ பிளோறன்ஸ்." அவள் மறுபடியும் நிதானமாகக் கேட்டாள். "நொட் நோ பிளோறன்ஸ்" என்றேன். மூன்றாம் தரமும் கேட்டாள். "நெவர்" என்றேன். போனுக்கு நேரே மேலேதான் சுவரில் உன் அண்ணியின் படம் இருக்கிறது. அவள் பெயரைத்தானே பிள்ளைக்கு வைத்தீர்கள். பிளோறன்ஸ் என்று ஒருத்தியை நான் பிறவியில் அறியேன் என்று சொல்லும்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்ன பேதுருவுக்குச் சேவல் கூவியது. எனக்கு மேல்வீட்டு ஜேர்மன்காரியின் நாய் குரைத்தது, நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண், அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்டாள். அதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு வசனம். "ஐ ஆம் எ ஸ்ரூடன்ற் ஒவ் மெக்கானிக்கல் ரெக்னோலொஜி, செக்கண்ட் இயர்" என்று பிசகில்லாமல் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஸ்ரனிஸ்லாஸ் வந்து கேட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பதினாலு வருடத்தில் அது முதல் தரம்.

ஆகையால் தம்பி, பயப்படாதே, பிள்ளையின் வழி பத்திரமாக இருக்கிறது. அவள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், ஓட வேண்டி வந்தால் பாரம். கல்லூரி என்று சொல்லும் இடத்தில் ஒருவரோடும் கனக்கப் பழகவும் வேண்டாம். இங்கே அவளுக்கு அறை ஒதுக்கியாயிற்று, வெரோனிக்கா கோயிலில் ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கிறாள், சொந்தக் கார், மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிது. நீ போனில் இதே மாதிரி நடித்துக்கொண்டிரு.

மடு மாதா உன் கூரைக்கும் கிணற்றுக்கும் காவலாக நிற்கட்டும். உன் கால் வீக்கம் வற்றட்டும், கிணறு வற்றாதிருக்கட்டும். பிள்ளைகளின் தலையில் என் கை வைத்ததாகச் சொல். வேலியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்
மரியரட்ணம்
(மீன்)

பி.கு. மேலே உள்ளதை வாசிக்காதே. வாசித்திருந்தால் மறந்துவிடு. கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவோம் என்றால், கை நோகிறது, முத்திரையும் ஒட்டியாயிற்று என்கிறாள் வெரோனிக்கா.

இன்று திங்கள், ஆனி கடைசி நாள். விடிய முன்னம் பிளோறன்ஸ் போன் எடுத்தாள்.

"அப்பு, என்னைத் தெரியாது எண்டு சொன்னியளாம்."

"ஓம் பிள்ளை. பயப்பிடாதை, மூண்டு தரம் சொன்னனான்."

"ஏன் அப்பு?"

"போனிலை கேளாதை."

"நான் படிக்கத்தான் அப்பு போறன்."

"ஓம் ஓம். அப்பிடித்தான் சொல்லவேணும்."

"மெய்யாச் சொல்லுறன்."

"திறமாச் சொல்லுறாய். சூசைதாசனை விடத் திறம்."

"ஐயோ அப்பு, எனக்கு ஜேர்மனிக்கு வர விருப்பமே இல்லை. அங்கை வந்து நான் என்ன செய்யிறது, ஸ்ரனிஸ்லாஸ் மாமாவோடை நிண்டு பாண் அடுக்கிறதோ? பொறுப்பு நிக்கிறன் எண்டவர் தானும் ரெண்டாம் வருசம் படிக்கிறாராம், அவருக்கு ஆர் பீஸ் கட்டுறது எண்டு கேட்டு ஒபீசிலை சிரிக்கினமாம். இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும்தான் பாப்பினம்."

பிறகு அவள் அழுதாள். தம்பி, எங்கள் இரகசியப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு வேறு சொல் இருந்தது. அழுகைக்கு மட்டும் இருந்ததில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, பிள்ளை படிக்கத்தான் போகிறாள். பாலம் என்றது பாலம். நாலு வருடம் என்றது நாலு வருடம். ஜேர்மனிக்கு வர விருப்பமில்லாத ஒரு ஆளோடு நான் இன்றைக்குத்தான் முதல்முதல் பேசினேன், அது இன்னும் முழுக்க விளங்கவில்லை.

வெரோனிக்காவைக் கூட்டிக்கொண்டு வங்கி திறக்குமுன்பே போய் வாசலில் நின்றேன். இப்படியான கடதாசிக்கு ரேர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுக்கவேண்டும், அடுத்த கிழமை வாருங்கள் என்றது அங்கே வேலை செய்கிற பிள்ளை. அந்தக் காசு என் சாவுக்கு வைத்தது என்று அதற்குத் தெரியும். நான் நெஞ்சில் கையை வைத்து, நாளைக்குச் செத்துவிடுவேன் என்பதை எனக்குத் தெரிந்த இரண்டு ஜேர்மன் சொல்லில் சொன்னேன். "மோர்கன் டோட்." ரேர்மின் இல்லாமலே தந்தது, தண்ணீரும் தந்தது. முதல் வருடக் காசும் அங்கேயே நேபாளத்துக்கு அனுப்பியாயிற்று. பொறுப்புக் கடிதத்தில் மீனைக் கீறினேன். கனகலிங்கத்தின் கடையில் இருந்து ஃபாக்ஸ் போனது. அவன் காசு வாங்கவில்லை. "அண்ணை, நான் அனுப்பின ஆக்களிலை மெய்யாப் படிக்கப் போற முதல் ஆள்" என்றான், இன்னொரு பெட்டி மரவள்ளிக்கிழங்கும் தந்தான். அது மரவள்ளிக்கிழங்குதான்.

அங்கிருந்தே கல்லூரிக்குப் போன் எடுத்து நானே பேசினேன். "யெஸ் பிளோறன்ஸ். மை பிளோறன்ஸ்." மூன்று தரம் சொன்னேன். பிறகு போனை வாங்கிய வெரோனிக்காவிடம் அந்தப் பெண், அப்படியானால் இரண்டாம் வருட மாணவன் என்ன ஆனான் என்று கேட்டாளாம். இரண்டாம் வருடத்திலேயே நின்றுவிட்டான் என்று சொல்லு என்றேன் வெரோனிக்காவிடம். இடம் பிளோறன்ஸுக்கே என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

ஆகவே பிள்ளை எல்லாப் புத்தகத்தையும் கொண்டுபோகட்டும். கல்குலேட்டர் வருகிறது. நேபாளத்தில் குளிராம், ஆதலால் ஜாக்கெட்டும் வருகிறது. இத்தனை நாளில் நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. மூக்குப் பெரிய மாப்பிள்ளைக்குப் பெண் வரமாட்டாள் என்று சொல்லியாயிற்று. ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் இப்போதும் குசினியில் இருந்து, எல்லாரும் இப்படி நம்புகிற மாதிரி செய்ததுதான் அவளின் கெட்டித்தனம் என்கிறான்.

மிச்சக் காசு வருடத்துக்கு வருடம் என் பெட்டிக் காசிலிருந்துதான் போகவேண்டும். ஆனபடியால் நாலு வருடத்துக்கு எனக்குச் சாக ஏலாது. வேலி போட்டிருந்தால் பிடுங்கிவிடு. ஆடு மேயட்டும்.